மலையேறிய எம்டன்

ஏற்காட்டில் கடலைப் பற்றிப் பேசுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கடல்மட்டத்திலிருந்து இத்தனை அடி என்று பலகையில் எழுதியிருப்பதோடு சரி. ஆனால் 1914-ல் இரண்டே மாதம் இந்தியப் பெருங்கடலை ஆட்டிப்படைத்த ஒரு ஜெர்மன் கப்பலின் பெயரைச் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டத்து ஜனங்கள் சாதாரணமாகப் புழங்கிக் கேட்டிருக்கிறேன். 'அவன் சரியான எம்டன்டா' என்பார்கள். சத்தமில்லாமல் காரியத்தை முடிக்கிறவன், எந்நேரம் எங்கே வந்து நிற்பான் என்று சொல்ல முடியாதவன், கொஞ்சம் பயப்பட வேண்டியவன். மூன்றும் சேர்ந்த ஒரு ஆள்.

தமிழில் எம்டனைப் போர்க்கப்பல் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெரும்பீரங்கிகள் கொண்ட ராட்சசக் கப்பல் வகை வேறு. இது இலகு ரகம். சுமார் 3,600 டன், பத்து பீரங்கி, ஒவ்வொன்றும் 10.5 சென்டிமீட்டர் வாய். சீனக் கரையில் ஜெர்மனியர் வைத்திருந்த சிங்டாவ் துறைமுகம்தான் அதன் இருப்பிடம். போர் தொடங்கியதும் ஜெர்மன் படையணி பசிபிக்கைக் கடந்து கிழக்கே போக, எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர், 'என்னைத் தனியாக விடுங்கள், நான் இந்தியப் பக்கம் போகிறேன்' என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு மூன்று புகைபோக்கி. நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி கட்டிக்கொண்டால் தூரத்தில் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி இருக்கும். எம்டன் என்ற சொல்லுக்கு நம் ஆட்கள் கொடுத்த பொருளில் பாதி அந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று எனக்கு ஒரு எண்ணம்.

செப்டம்பர் 10-லிருந்து வங்காள விரிகுடாவில் வேட்டை. தேயிலை ஏற்றிப் போன 'டிப்ளொமேட்' மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகச் சரக்குக் கப்பல்கள் மூழ்கின. மூழ்கடிக்கும் முன் மாலுமிகளை இறக்கிவிடுவது முல்லர் வழக்கம். 'கபிங்கா' என்ற கப்பலில் கேப்டனின் மனைவியும் குழந்தையும் இருந்தார்கள், சரக்கும் அமெரிக்கர்களுடையது. பிடிபட்ட மற்றக் கப்பல்களின் ஆட்களையும் அதிலேயே ஏற்றி அனுப்பிவிட்டார். பிரியும்போது கைதிகளாக இருந்தவர்களே எம்டனுக்கு ஆரவாரம் செய்தார்களாம். இங்கிலாந்துப் பத்திரிகைகள்கூட அந்த மனுஷனை மெச்சிக்கொண்டன.

செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் சென்னை. துறைமுக வெளிச்சமே வழிகாட்ட, கிட்டத்தில் வந்து தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகளைப் பார்த்துச் சுட்டது. அரைமணி நேரம்கூட இல்லை. சுமார் 125 குண்டுகள். ஏறக்குறைய மூன்றரை லட்சம் காலன் மண்ணெண்ணெய் எரிந்தது. கரையிலிருந்து திருப்பிச் சுட்டதில் ஒன்றும் படவில்லை. மறுநாளிலிருந்து ரயில் நிலையத்தில் கூட்டம். ஆயிரம் ஆயிரமாகப் பட்டணத்தைக் காலி செய்தார்கள். சென்னை ரயில் சேலத்துக்கு வந்து அப்போதே அரை நூற்றாண்டு. ஒரு சொல் மலையேற ஒரு ரயிலும் ஒரு மாட்டுவண்டியும் போதாதா?

எண்ணெய் போனது கம்பெனிக்கு நஷ்டம். சர்க்காருக்குப் போனது வேறு. கடல் வெள்ளைக்காரனுடையது என்று நம்பியிருந்த ஊரில் ஒருத்தன் ராத்திரி வந்து கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். ஜனங்கள் பயந்தார்கள், கூடவே உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் பட்டார்கள். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்ற கதை இந்தச் சந்தோஷத்தில் முளைத்ததுதான். அந்தச் செப்டம்பரில் அவர் சுவிட்சர்லாந்தின் ஜூரிச்சில் இந்தியா சார்புக் குழு ஒன்றைத் தொடங்கிக்கொண்டிருந்தார். கதையை இன்னும் விட மனசில்லாதவர்கள் இருக்கிறார்கள், இருக்கட்டும். 2006-ல் 'எம்டன் மகன்' என்ற படம், தமிழ்ப் பெயருக்குத்தான் வரிவிலக்கு என்பதால் 'எம் மகன்' ஆனது. தொண்ணூறு வருஷம் தமிழர் வாயில் கிடந்த பிறகும் சொல்லுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை.

என் அப்பாவுக்குத் தோட்டத்தில் அதுதான் பேர். காப்பி எஸ்டேட்டில் ஃபீல்ட் கண்டக்டர். காலையில் மஸ்டர் எடுப்பது, சாயங்காலம் பழம் எடை போட்டு எழுதுவது, நடுவில் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே ரப்பர் செருப்போடு சத்தமில்லாமல் வந்து நிற்பது. பறிக்கிற பெண்களில் பாதிப்பேர் மலையாளிகள் – கேரளத்தவர் இல்லை, இந்த மலையின் பழங்குடிகள். லேட்டாக வந்தால் அரை நாள் கூலி போச்சு. அம்மா சொல்லுவாள்: "எம்டன்னு பேரு வாங்குனதத் தவிர உங்கப்பா இந்த மலைல வேற என்னத்த வாங்குனாரு?"

அது வசவா, மெச்சுதலா என்று எனக்குச் சின்ன வயசிலிருந்தே குடைச்சல். பள்ளிக்கூடத்தில் பையன்கள் சொன்னால் சண்டைக்குப் போவேன். அப்பா இறந்த அன்று துக்கம் கேட்க வந்த ஒரு கிழவியிடம் கேட்டேவிட்டேன். அரை நாள் கூலி அவரிடம் எத்தனையோ தடவை இழந்தவர்.

"சத்தமில்லாம வந்து நிப்பாருங்க. ஈரக்கொல நடுங்கும். ஆனா எடையில ஒரு கிலோ கொறச்சு எழுதுனதில்லீங்க."

எம்டன் ஒரு கப்பல் என்று சொன்னேன். "கப்பலுங்களா? நான் ஏதோ காட்டேரி பேருன்னு நெனச்சேன்" என்றார்.

அந்தக் கப்பல் சென்னையை விட்டுப் போய் இலங்கையைச் சுற்றி, அக்டோபர் 28-ல் பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9-ல் கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க ஆட்களை இறக்கியபோது, ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' வந்துவிட்டது. அதன் பீரங்கிகள் பெரியவை, எட்டியும் சுடும். எம்டன் பவளப் பாறையில் தானே போய் ஏறி நின்றது. அதில் 130-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முல்லர் கைதியாகப் போய், 1923-ல் ஜெர்மனியில் காலமானார்.

அப்பா ரிட்டயரான பிறகு ஒருநாள் இதையெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். பொய்ப் புகைபோக்கிக்குச் சிரித்தார். முல்லர் மாலுமிகளை இறக்கிவிட்ட கதையை இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். சென்னையில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டார். ஐந்து பேர் என்று சொல்கிறார்கள் என்றேன்.

"ராத்திரி ஒம்போதரைக்குத் துரைமாருங்க அங்க இருந்திருக்க மாட்டாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மறுநா காலைல அங்கயும் ஒருத்தன் மஸ்டர் எடுத்திருப்பான். பேரு கூப்புட்டிருப்பான்" என்றார்.