கல்லு யார் கையில?

உங்க லேப் பேட்ச்ல சால்டரிங் அயர்ன் யார் கையில இருக்கும்? ரெக்கார்டு நோட்டு யார் கையில இருக்கும்? பதில் சொல்ல வேண்டாம், ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. "அவளுக்குக் கையெழுத்து நல்லா இருக்கும்ப்பா"ன்னு சொல்லித்தான் பாதி பேட்ச்ல வேலை பிரியுது. இது எங்க ஆரம்பிக்குதுன்னு அரியலூர் பக்கத்துல ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில பார்த்தேன். நாலாங்கிளாஸ்ல!

என்.எஸ்.எஸ். முகாமுக்காக ஏழு நாள் அந்த ஊர்ல தங்கியிருந்தோம். மதியம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தரணும். கருவின்னு எதுவும் கிடையாது. ஆனா அந்த மண்ணுல அது ஒரு குறையே இல்லை. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்க கடல் இருந்தது. அந்தக் கடல்ல சேர்ந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்னைக்கு வெட்டி சிமெண்ட் ஆக்குறாங்க. சுருள் சுருளா இருக்கும் அம்மோனைட், கல்லாகிப்போன சிப்பி எல்லாம் அந்தப் பக்கத்துல கிடைக்கும். பக்கத்து பெரம்பலூர் மாவட்டத்துல சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிக் கிடக்கு. வயசு சுமார் 12 கோடி. எங்கெங்கயோ டூர் போறோம், இதைப் பார்த்தவங்க நம்ம கிளாஸ்ல எத்தனை பேர்?

சோதனை ரொம்ப எளிமை. சுண்ணாம்புக்கல்லைப் பொடி பண்ணி எலுமிச்சம்பழச் சாறு விட்டா லேசா நுரைக்கும். சத்துணவு முட்டையோட ஓட்டை நசுக்கி அதே சாறு விட்டாலும் நுரைக்கும். ரெண்டும் கால்சியம் கார்பனேட், நுரையா வர்றது கார்பன் டை ஆக்சைடு. "கல்லும் முட்டை ஓடும் ஒண்ணா?"ன்னு ஒரு குட்டிப் பையன் முழிச்ச முழி இருக்கே!

நாலு நாலு பேரா உட்கார வச்சோம். ரெண்டு நிமிஷம் கூட ஆகலை. கல்லு, சுத்தியல், எலுமிச்சம்பழம் எல்லாம் பசங்க கையில. நோட்டும் பென்சிலும் பொண்ணுங்க கையில. யாரும் சண்டை போடலை, யாரும் அழலை. அதுதான் எனக்கு உறுத்துச்சு. அந்த கிளாஸ் லீடர் ஒரு பொண்ணுதான். ஆனா அவ வேலை, பேசுறவங்க பேரை போர்டுல எழுதுறது.

1983-ல டேவிட் சேம்பர்ஸ்ங்கிறவர் ஒரு ஆய்வு வெளியிட்டார். 4,807 பிள்ளைகளை ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னாங்க. பெண் விஞ்ஞானியை வரைஞ்சது 28 பேர், அந்த 28 பேரும் பெண் பிள்ளைகள். 2017-ல அமெரிக்காவுல வந்த இன்னொரு ஆய்வு, அஞ்சு வயசுல இல்லாத வித்தியாசம் ஆறு வயசுல வந்துடுதுன்னு சொல்லுது: "ரொம்ப ரொம்ப புத்திசாலி"ன்னா அது ஆம்பளைதான்னு பெண் பிள்ளைகள் நினைக்க ஆரம்பிக்கிற வயசு அது. ஆறு வயசுன்னா ஒண்ணாங்கிளாஸ். நாம ப்ளஸ் டூவுல போய் "கேர்ள்ஸ் இன் சயின்ஸ்"னு பேனர் கட்டுறோம்.

மறுநாள் டீச்சர்கிட்ட கேட்டுட்டு ஒரே ஒரு விதி வச்சோம். உடைக்கிறவங்க, ஊத்துறவங்க, எழுதுறவங்க, எழுந்து சொல்றவங்க, நாலும் தினமும் மாறணும். முதல் நாள் பசங்க முனகினாங்க ("எனக்கு எழுத வராதுண்ணா"). ஒரு பொண்ணு சுத்தியலை வாங்கவே தயங்கினா. மூணாவது நாள் அவகிட்டருந்து சுத்தியலைத் திருப்பி வாங்குறதுதான் கஷ்டமாப் போச்சு.

அன்னைக்கு மேரி ஆனிங் கதை சொன்னேன். இங்கிலாந்துல கடலோரத்துல ஏழை தச்சர் வீட்டுப் பொண்ணு, இதே மாதிரி அம்மோனைட் பொறுக்கி வித்துக் குடும்பத்தைப் பார்த்தவங்க. சுமார் 12 வயசுல இக்தியோசர்ங்கிற கடல் ஊர்வனத்தோட எலும்புக்கூட்டைத் தோண்டி எடுத்தாங்க. தலையை முதல்ல கண்டுபிடிச்சது அவங்க அண்ணன். லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினரா சேர்த்தது 1919-ல. அவங்க 1847-லயே இறந்துட்டாங்க. "அதுக்கப்புறம் சேர்த்து என்னண்ணா பிரயோஜனம்?"னு கேட்டுச்சு ஒரு குரல்.

அதே குரல்தான் அடுத்து இன்னொண்ணும் கேட்டுச்சு. "இங்க கடல் இருந்துச்சுன்னா உப்பு எங்க போச்சு?" நான் பதில் சொல்றதுக்குள்ள பின்னாடி இருந்து இன்னொரு பொண்ணு எழுந்து, "மழை கரைச்சிருக்கும்"னா. "கல்லுக்குள்ள மழை எப்படிப் போகும்?" "அப்போ நக்கிப் பார்ப்போமா?" டீச்சர் ஓடி வந்து தடுத்தாங்க. கோடிக்கணக்கான வருஷம் தண்ணி ஓடினா உப்பு கரைஞ்சு போயிடும்னு நான் சொன்னதை யாரும் சரியாக் கேட்கலை. விவாதம் அவங்களுக்குள்ளயே போயிட்டிருந்தது.

அந்தப் பள்ளி அஞ்சாம் வகுப்போட முடியுது. ஆறாவதுக்கு பஸ் ஏறணும். "ஏறுற வரைக்கும்தான் எங்க கையில"ன்னாங்க டீச்சர். பஸ் நேரம், வீட்டு வேலை, வயசுக்கு வந்ததும் சொந்தக்காரங்க பேச்சு, எல்லாம் அதுக்கப்புறம் வரிசையா வரும். அப்போ "நான் படிக்கணும்"னு எழுந்து நின்னு சொல்லணும்னா, அதுக்கு முன்னாடி எதுக்காவது எழுந்து நின்னு பேசிப் பழகியிருக்கணும் இல்லையா?

முகாம் முடிஞ்சும் மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை நாங்க நாலஞ்சு பேர் போறோம். ஆள் பத்தலை, முக்கியமா சீனியர் அக்காக்கள் வேணும். எலுமிச்சம்பழம் நாங்க வாங்கிக்கிறோம். கை லென்ஸ் இருந்தா எடுத்துட்டு வாங்க.