அறப்பளீசுவரர் தரிசனம்: புளியஞ்சோலையிலிருந்து எவ்வழி செல்வது?

திருச்சிராப்பள்ளியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், துறையூருக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரத்தில் அமைந்திருக்கிறது புளியஞ்சோலை. பாறைகளின் மீது தவழ்ந்து வரும் ஐயாறு இங்கே சமவெளியைத் தொடுகிறது. இந்த நீர் வரும் திசையில், மலைமேல் வளப்பூர் நாட்டுப் பெரியகோவிலூரில், அறம்வளர்த்த நாயகியுடன் எழுந்தருளியிருக்கிறார் அறப்பளீசுவரர். தனிப் பதிகம் பெறாவிடினும் வேறு தலத்துப் பதிகத்தில் பெயர் சுட்டப்பட்ட தேவார வைப்புத் தலம் இது. அம்பலவாணக் கவிராயர் இயற்றிய சதகத்தால் இப்பெருமானின் திருநாமம் தமிழகமெங்கும் பரவியது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலையும் இதுவே.

அறுத்துச் சமைத்த மீனை இறைவன் மீண்டும் பொருத்தி உயிர்ப்பித்து ஆற்றில் துள்ளச் செய்தார் என்பது தலவரலாறு. ஆதலால் இங்குள்ள மீன்களுக்கு உணவிட்டு வணங்குவது அன்பர்களின் வழக்கம்.

குடும்பத்துடன் காரில் புளியஞ்சோலை வரை வந்தவர்களுக்கு ஒரு வினா எழும். மலை கண்ணெதிரே நிற்கிறது. நடந்து ஏறுவதா, காரில் சுற்றிச் செல்வதா?

முன்னோர் நடந்தே ஏறினர். ஆடிப்பெருக்குக்கு அடிவாரத்து ஊர்களிலிருந்து கால்நடையாகச் சென்ற மரபும் உண்டு. ஆயினும் அப்பாதை செங்குத்தானது. அடர்ந்த காட்டின் ஊடே செல்வது. வனத்துறையின் அனுமதியும், வழி அறிந்த மலைவாழ் மக்களின் துணையும் இன்றி ஏறலாகாது. மழைக்காலத்தில் பாறைகள் வழுக்கும். ஆற்றில் வெள்ளம் திடீரெனப் பெருகும். முழங்கால் வலியும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியோர்கள் இவ்வழியை இளையோருக்கு விட்டுவிடுவதே நன்று.

காரில் செல்ல எண்ணுவோர் துறையூர், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளியை அடைய வேண்டும். வழியில் நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயரையும், குடைவரையில் வீற்றிருக்கும் நரசிம்மரையும் தரிசிக்கலாம். காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைப்பாதையில் பழகிய ஓட்டுநர் இருப்பது அவசியம். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது குறைந்த கியரிலேயே வர வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்கள் முன் இருக்கையில் அமர்ந்து, வயிறு நிறைய உண்ணாமல் புறப்படுதல் நலம்.

அன்றே திரும்புவதா, தங்குவதா என்பது அடுத்த வினா. புளியஞ்சோலையிலிருந்து மலையைச் சுற்றி மேலே சேரவே ஏறக்குறைய அரை நாள் கழிந்துவிடும். அன்றே திரும்ப எண்ணினால் தரிசனம் அவசரத்தில் முடியும். மூடுபனியிலும் இருளிலும் வளைவுகளை இறங்கவும் நேரும். ஆகவே செம்மேட்டில் ஓரிரவு தங்கி, காலையில் சந்நிதிக்குச் செல்வதே முதியோருக்கு உகந்தது. கம்பளி ஆடையும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளும் கைவசம் இருக்கட்டும். நடை திறக்கும் நேரத்தை முன்னரே கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

கோயிலுக்கு அருகிலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. இறங்குவது எளிதாகத் தோன்றினாலும் அத்தனை படிகளையும் திரும்ப ஏற வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. பிள்ளைகள் அருவிக்குச் சென்று வரும் வரை பெரியோர்கள் சந்நிதியிலேயே அமர்ந்து ஜபம் செய்யலாம்.

காரிலும் மலையேற இயலாத உடல்நிலை சிலருக்கு இருக்கலாம். குலதெய்வமாகவோ இஷ்டதெய்வமாகவோ வழிபட்ட பெருமானை இனிக் காண முடியாதோ என்று அவர்கள் உள்ளம் கலங்க வேண்டியதில்லை. அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாயகங்கையாக வீழ்ந்து, காட்டின் வழியே இறங்கி வரும் நீரே புளியஞ்சோலையில் ஓடுகிறது. ஆழமற்ற இடத்தில், பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு கரையில் அமர்ந்து, அந்நீரைத் தலையில் தெளித்து, மலையை நோக்கிக் கைகூப்பலாம். மேலே செல்லும் மகனிடமோ மகளிடமோ ஒரு முழம் பூவும் கற்பூரமும் கொடுத்தனுப்பலாம். அவர்கள் திருநீற்றுடன் திரும்பி வரும் வரை ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டு காத்திருப்பதும் வழிபாடே ஆகும்.