சக் பெர்ரியின் 28 பாட்டு: கொஞ்சம் நீளமான இழை

இது மெடிக்கல் இழை இல்லை மக்களே. சுகர், பிபின்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். பழைய இங்கிலீஷ் பாட்டுத் தொகுப்பு ஒண்ணைப் பத்தி எழுதப் போறேன். நடுவுல ஒரு ஸ்ட்ரோக் கேஸ் வரும், அதனால உங்க நேரம் முழுசா வீணாகாது.

தொகுப்போட பேரு 'த கிரேட் ட்வென்ட்டி எய்ட்'. பாடினவர் சக் பெர்ரி. 1955ல இருந்து 1965 வரைக்கும் சிகாகோவின் செஸ் ரெக்கார்ட்ஸுக்காக அவர் பாடினதுல பொறுக்கி எடுத்த 28 பாட்டு. 1982ல இரட்டை எல்பியா வந்தது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003ல போட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியல்ல இதுக்கு 21வது இடம். 2020ல பட்டியலைப் புதுசா போட்டப்போ 51க்கு இறங்கிடுச்சு. இறங்கினாலும் உள்ளதான் இருக்கு.

"ஹிட்ஸ் கலெக்‌ஷனை எல்லாம் ஆல்பம்னு சொல்லலாமா?"ன்னு இசை தெரிஞ்சவங்க சண்டைக்கு வருவாங்க. ஆனா ஐம்பதுகள்ல ராக் அண்ட் ரோல் பாட்டு வாழ்ந்ததே ஒத்தை ரெக்கார்டுல. 45 சுத்து, பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஒவ்வொண்ணும் ரெண்டரை நிமிஷம். ஜூக்பாக்ஸ்ல காசு போட்டா ஓடணும், ரேடியோவுல ரெண்டு விளம்பரத்துக்கு நடுவுல முடியணும். எல்பி போட்டாங்கன்னா அதுல நாலு ஹிட், மீதி இடத்தை ரொப்ப ஏதாவது. அதனால அந்தக் காலத்துப் பாடகரைச் சரியா கேட்கணும்னா தொகுப்புதான் வழி.

இப்ப அந்த ஸ்ட்ரோக் கேஸ்.

1952 டிசம்பர் 31. செயின்ட் லூயிஸ் பக்கத்துல ஜானி ஜான்சன்னு ஒரு பியானோக்காரர் மூணு பேர் குழு வச்சிருந்தார். புத்தாண்டு ராத்திரி கச்சேரி ஒத்துக்கிட்டாச்சு. குழுவோட சாக்ஸபோன்காரருக்கு ஸ்ட்ரோக் வந்து வாசிக்க முடியாமப் போச்சு. சி.டி. ஸ்கேன் மனுஷனுக்கு முதல்ல எடுத்ததே 1971ல. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஸ்ட்ரோக்குக்குன்னு வந்தது தொண்ணூறுகள்ல. 1952ல படுக்க வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கிறதைத் தவிர டாக்டர் கையில பெருசா ஒண்ணும் கிடையாது. (இன்னைக்கு இருக்கு. வாய் கோணினா, கை தளர்ந்தா, பேச்சு குழறினா உடனே 108. நாலரை மணி நேரத்துக்குள்ள ஊசி போட்டாகணும். காலைல பார்த்துக்கலாம்னு படுக்க வைக்காதீங்க. சரி, பாட்டுக்கு வர்றேன்.)

அவசரத்துக்கு ஆள் தேடின ஜான்சன், 26 வயசு கிதார்க்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டார். முடி அலங்காரம் படிச்ச ஆளு, ஏற்கெனவே ஒரு தடவை கொள்ளை வழக்குல சீர்திருத்தப் பள்ளிக்குப் போய் வந்தவர். அவர்தான் சக் பெர்ரி. ஒரு ராத்திரிக்கு வந்தவர் நிரந்தரமா தங்கிட்டார். கொஞ்ச நாள்ல குழுவையே அவர் நடத்த ஆரம்பிச்சார்.

1955 மே மாசம் சிகாகோவுல மடி வாட்டர்ஸைப் பார்த்து எங்க போய்ப் பாடலாம்னு கேட்டார் பெர்ரி. செஸ்ஸுக்குப் போன்னு அவர் அனுப்பி வச்சார். ப்ளூஸ்தான் எடுபடும்னு நினைச்சுப் போனவர்கிட்ட லியனார்ட் செஸ்ஸுக்குப் பிடிச்சது ஒரு கிராமத்து வெள்ளைக்காரப் பாட்டோட சாயல்ல இருந்த மெட்டு. அதுதான் 'மேபலின்'. தொகுப்போட முதல் பாட்டு. காருக்கும் காருக்கும் ரேஸ், நடுவுல ஏமாத்துற காதலி. எழுதினவங்க பேருல பெர்ரியோட சேர்த்து ஆலன் ஃப்ரீட்னு ரேடியோக்காரர் பேரும் இன்னொருத்தர் பேரும் இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒரு வரிகூட எழுதலை. ரேடியோவுல அடிக்கடி போடுறதுக்குக் கொடுத்த விலை அது. உரிமை முழுசா பெர்ரிக்குத் திரும்பினது 1986ல.

இவ்வளவு வருஷம் கழிச்சும் இந்த 28ம் ஏன் நிக்குது? கிதார்தான்னு எல்லாரும் சொல்வாங்க. சரிதான். ஆனா 'ஜானி பி. குட்' ஆரம்பத்துல வர்ற அந்தப் புகழ்பெற்ற கிதார் துண்டு கிட்டத்தட்ட அப்படியே 1946ல லூயிஸ் ஜோர்டனோட ரெக்கார்டுல கார்ல் ஹோகன் வாசிச்சது. பெர்ரியே ஹோகன்கிட்ட இருந்து எடுத்ததை மறைச்சதில்லை. என்னைப் பொறுத்தவரை பெர்ரியோட சொந்தச் சரக்கு கதை சொல்றது.

'மெம்ஃபிஸ்' கேளுங்க. ஒருத்தன் டெலிபோன் ஆபரேட்டர்கிட்ட கெஞ்சுறான், மரீங்கிற பொண்ணுக்கு லைன் போட்டுக் கொடுங்கன்னு. நாமளும் காதலின்னு நினைச்சுக் கேட்டுக்கிட்டே வர்றோம். கடைசி வரியிலதான் தெரியுது, மரீக்கு ஆறு வயசு. பிரிஞ்சுபோன அப்பன் பேசிக்கிட்டிருக்கான். எம்.பி.பி.எஸ்.ல ஹிஸ்டரி எடுக்கச் சொல்லித் தரும்போது சொல்வாங்க, நோயாளி முக்கியமான விஷயத்தை எழுந்து கிளம்பும்போதுதான் சொல்வார்னு. இந்தப் பாட்டு அந்த மாதிரி. முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து கேட்கத் தோணும்.

அப்புறம் 'டூ மச் மங்கி பிசினஸ்'. வேலை, கடன், பள்ளிக்கூடம், பட்டாளம், பெட்ரோல் பங்க்குன்னு ஒருத்தன் வரிசையா புலம்புறான். 24 மணி நேர டியூட்டி பார்த்த யாருக்கும் இதுக்கு விளக்கவுரை தேவைப்படாது. பாப் டிலன் பின்னாடி வேகமா பொழிஞ்சு தள்ளுற மாதிரி பாடினதுக்கு இதுதான் மூலம்.

எல்லாமே தங்கம்னு சொல்ல மாட்டேன். 'ஸ்கூல் டேஸ்' மெட்டை அப்படியே தூக்கி ஏழு வருஷம் கழிச்சு 'நோ பர்ட்டிகுலர் பிளேஸ் டு கோ'ன்னு வேற வரிகளோட விட்டார். ரெண்டுமே இதே தொகுப்புல இருக்கு, கூச்சமே இல்லாம. காதலியோட சீட் பெல்ட் கழட்ட வராம மாட்டிக்கிற கதைங்கிறதால எமர்ஜென்சி டாக்டரா நான் விட்டுடறேன். சிபிஆருக்குத் தாளம் தேடுறவங்களுக்கு ஒரு குறிப்பு: 'ஜானி பி. குட்' ஆகாது. நிமிஷத்துக்கு 160க்கு மேல ஓடும், நமக்கு வேண்டியது 100ல இருந்து 120.

இனி கஷ்டமான பகுதி.

1959 டிசம்பர்ல பெர்ரி கைதானார். 14 வயசுப் பொண்ணை மாநிலம் விட்டு மாநிலம் கூட்டிட்டு வந்த வழக்கு. முதல் விசாரணையில நீதிபதி நிறவெறியோட பேசினார்னு மேல்முறையீட்டுல தீர்ப்பை ரத்து பண்ணாங்க. மறு விசாரணையிலும் குற்றவாளின்னு முடிவாச்சு. ஒன்றரை வருஷத்துக்கு மேல உள்ள இருந்துட்டு 1963ல வெளிய வந்தார். அவர் ரசிகர்கள் எழுதுறதுல நீதிபதியோட நிறவெறி பெருசா வரும், பொண்ணோட வயசு சின்னதா வரும். ரெண்டும் உண்மை, ஒண்ணு இன்னொண்ணை அழிக்காது. போக்சோ கேஸ்ல ஏ.ஆர். என்ட்ரி போட்டு, பரிசோதனை முடிச்சு, அந்தக் குழந்தை முகத்தைப் பார்த்த யாராலயும் 14ங்கிற எண்ணைத் தாண்டிப் போக முடியாது. 'ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்' பாட்டுல தப்பா ஒண்ணும் இல்ல, ஆட்டோகிராஃப் சேர்க்கிற ஒரு ரசிகை பத்தினது. வந்தது 1958, கைதாகிறதுக்கு முன்னாடி. இருந்தாலும் அது வந்தா நான் அடுத்த பாட்டுக்குப் போயிடறேன். நீங்களும் போகணும்னு சொல்லலை.

ஜான்சன் கதையும் பாக்கி இருக்கு. எண்பதுகள்ல அவர் செயின்ட் லூயிஸ்ல பஸ் ஓட்டிக்கிட்டிருந்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ்தான் பெர்ரிக்குன்னு ஒரு படம் எடுக்கும்போது அவரைத் திரும்ப மேடைக்குக் கூட்டிட்டு வந்தார். ரிச்சர்ட்ஸ் ஒரு விஷயத்தைக் கவனிச்சார்: இந்தப் பாட்டுங்க பலதும் இருக்கிற சுருதி கிதார்க்காரன் தானா தேர்ந்தெடுக்கிறது இல்ல, பியானோ, ஊதுற வாத்தியங்களுக்கு வசதியானது. அப்போ மெட்டுல ஜான்சனுக்குப் பங்கு இல்லையா? 2000ல ஜான்சன் கேஸ் போட்டார். ரொம்ப லேட்டா வந்தீங்கன்னு சொல்லி 2002ல கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. பங்கு உண்டா இல்லையாங்கிறதுக்குத் தீர்ப்பு வரவே இல்ல. என் காதுக்கு உண்டு. ஹெட்போன் போட்டு கிதாரை ஒதுக்கிட்டுப் பியானோவை மட்டும் பின்தொடர்ந்து பாருங்க, இன்னொரு கச்சேரியே நடந்துக்கிட்டிருக்கும்.

1977ல வாயேஜர்ல அனுப்பின தங்கத்தட்டுல 'ஜானி பி. குட்' இருக்கு. அதே தட்டுல நம்ம கேசர்பாய் கேர்க்கரும் இருக்காங்க. வாயேஜர் 1 இப்போ 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால.

தொகுப்புல ரெண்டு பெரிய ஓட்டை. 'பல்ப் ஃபிக்‌ஷன்' டான்ஸ் பாட்டு 'யூ நெவர் கேன் டெல்' இதுல கிடையாது. ஜெயில்ல அட்லஸ் கேட்டு வாங்கி ஊர் ஊரா வழி பார்த்து எழுதின 'ப்ராமிஸ்ட் லேண்ட்'டும் கிடையாது. அமெரிக்காவுல அவர் பாப் பட்டியல்ல முதலிடம் பிடிச்ச ஒரே பாட்டு 1972ல வந்த ஒரு இரட்டை அர்த்தக் கூத்து, அதுவும் இல்ல. அதுக்கு மட்டும் நன்றி.

முதல் தடவை கேட்கிறவங்க 28ஐயும் ஒரே மூச்சுல கேட்காதீங்க, எல்லாம் ஒண்ணு மாதிரி தெரியும். 'மெம்ஃபிஸ்', 'மங்கி பிசினஸ்', அப்புறம் 'மேபலின்'. மறுநாள் 'ப்ராமிஸ்ட் லேண்ட்'டைத் தனியா தேடிக் கேட்டுட்டு வந்து கீழ சொல்லுங்க. டியூட்டி முடிஞ்சு படிக்கிறேன்.