சம்மனசுகளின் இறக்கையில் ஈயம்

இங்கிலாந்தின் சஃபோக் சீமையில், கடலுக்குப் பக்கத்துச் சதுப்பு நிலத்தை ஒட்டி, பிளைபரோ என்று ஒரு சிற்றூர். அந்த ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத பெரிய தேவாலயம் அங்கே நிற்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே போனவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். நீண்ட மரக்கூரையின் நடு உத்தரத்தில், முதுகோடு முதுகு ஒட்டியபடி, இறக்கை விரித்த மரச் சம்மனசுகள், அதாவது தேவதூதர்கள். அன்று பூசிய சாயம் வெளிறியிருந்தாலும் இன்னும் முழுக்கப் போகவில்லை.

அந்த இறக்கைகளில் ஈய ரவைகள் புதைந்திருந்தன. என்னைப் பிடித்துக்கொண்ட விஷயம் அதுதான்.

சொல்லப்பட்டுவந்த கதை இது. 1644 ஏப்ரலில் வில்லியம் டவுசிங் என்பவர் இந்த ஊருக்கு வந்தார். கோயில்களில் உள்ள சிலைகளையும் படங்களையும் அழிக்க அதிகாரம் பெற்ற தூய்மைவாதி. அவருடைய ஆட்கள் கூரைச் சம்மனசுகளைத் துப்பாக்கியால் சுட்டார்கள் என்பது கதை. நானும் நம்பினேன். எத்தனையோ பேரிடம் சொல்லியுமிருக்கிறேன். வெறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு அப்போது கிடைத்ததில்லை.

1970களில் சம்மனசுகளைப் பழுதுபார்த்தபோது அந்த ரவைகளை ஆராய்ந்தார்கள். அவை டவுசிங் காலத்தவை அல்ல. கோயிலின் பழைய கணக்கேட்டில் விடை இருந்தது. கூரைக்குள் அடைந்து தொல்லை கொடுத்த ஜாக்டா என்னும் சிறு காக்கைகளைச் சுடுவதற்காக 1761இல் கோயில் பணத்திலிருந்தே செலவு எழுதியிருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதற்குப் பிறகுதான் டவுசிங்கின் நாட்குறிப்பைத் தேடிப் படித்தேன். கேம்பிரிட்ஜ், சஃபோக் பகுதிகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கோயில்களுக்குப் போய், எங்கே எத்தனை படம் உடைத்தோம், எத்தனையை உடைக்கச் சொல்லிவிட்டு வந்தோம் என்று ஊர் ஊராக எழுதிவைத்த மனிதர். கோயிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கூலி. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. எவ்வளவு வண்ணக் கண்ணாடி, எவ்வளவு மரவேலை! ஆனால் அந்த எழுத்தில் ஒளிவுமறைவு இல்லை. செய்வது தர்மம் என்று முழுமனதோடு நம்பியவரின் கணக்கு அது. பிளைபரோவிலும் சம்மனசுகளை இறக்கும்படி உத்தரவு எழுதியிருக்கிறார். சுட்டதாக ஒரு சொல் இல்லை. உத்தரவு கொடுத்தவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டார், சம்மனசுகள் இறங்கவில்லை. ஏணி எட்டவில்லையா, ஏறச் சொன்னதும் ஊரார் காது கேட்காததுபோல் இருந்துவிட்டார்களா? இரண்டாவதாகத்தான் இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்புகிறது.

அவர் செய்த நாசத்தை நான் மன்னிக்கவில்லை. செய்யாததையும் அவர் தலையில் கட்டியது மட்டும் உறுத்துகிறது. அந்த ஊருக்கு மறுபடி போனபோது நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பெஞ்சு முனைகளில் பாவங்களையே சின்னச் சின்ன ஆட்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் படுக்கையில் கிடக்கிறது, பேராசை பணப்பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறது. கேட்ட கதையை விசாரிக்காமல் பரப்பும் பாவத்துக்கு உரிய முனையைத்தான் என் கை தேடிற்று.

உண்மையில் இந்தக் கோயிலை அழிவின் விளிம்புவரை கொண்டுபோனது கவனிப்பின்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூரை ஒழுகி, குடை பிடித்துக்கொண்டு ஜெபம் கேட்டார்களாம். ஆபத்தான கட்டடம் என்று 1881இல் மூடியேவிட்டார்கள். எப்படிப் பழுதுபார்ப்பது என்பதில் வில்லியம் மாரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் வாதாடியது. பழைய மரத்தைக் கூடியவரை அப்படியே விடுங்கள் என்பது அவர்கள் கட்சி. சாயம் மங்கிய அந்தக் கூரையை நாம் இன்று பார்க்க முடிகிறதென்றால், புதிதாக்கிவிடத் துடித்த கைகள் கொஞ்சம் தயங்கியதும் ஒரு காரணம்.

ஆனால் என் நினைவு திரும்பத் திரும்பப் போவது அந்த 1761ஆம் ஆண்டுத் துப்பாக்கிக்காரரிடம். கோயிலைக் காப்பாற்றத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் கீழே நின்று, விரிந்த மர இறக்கைகளுக்கு நடுவே படபடத்த சிறகுக்குக் குறிவைத்திருப்பார். எது பறவை, எது சம்மனசு என்று அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்?