வாப்பாவின் தோள்

நறுவிலிக்குளம் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஊரல்ல, வாப்பாவின் இடது தோள்தான்.

1978ஆம் ஆண்டு. எனக்குப் பத்து வயது. எருக்கலம்பிட்டிக் கரையில் வள்ளம் ஏற்றும்போது அலை திருப்பி அடித்ததில், உயர்த்தியிருந்த வாப்பாவின் கை பின்பக்கமாக வளைந்துவிட்டது. தோளின் உருட்சி போய், சட்டைக்குள்ளே பலகைத் துண்டை வைத்ததுபோலச் சதுரமாகிவிட்டது. வலக்கையால் இடக்கையை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"நறுவிலிக்குளத்துப் பரியாரியாரிட்டக் கொண்டு போங்க" என்றா மூத்தம்மா.

வாடகைக் காரில் பாலம் கடந்து போனோம். பரியாரியார் வேதக்காரர், மெலிந்த கிழவர். முறிவு நெரிவு பார்ப்பவர். நான் எதிர்பார்த்ததுபோல அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. வாப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு இலை நுனியால் தோளின் வெளிப்புறத்தைத் தொட்டார்.

"தெரியுதோ தம்பி?"

"இல்ல."

மணிக்கட்டில் நாடி பார்த்தார். விரல்களை மடக்கச் சொன்னார். பிறகுதான், "உங்கட ஆண்டவன நினைச்சுக்கொள்ளுங்க" என்றார். வாப்பா பிஸ்மில்லாஹ் சொன்னார். கிழவர் பாயில் அமர்ந்து, தன் குதிகாலை வாப்பாவின் கமக்கட்டுக்குள் கொடுத்து, கையை மெல்ல மெல்ல இழுத்தார். 'களக்' என்றொரு சத்தம். வாப்பாவின் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை.

அந்த இலை நுனியின் அர்த்தம் எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன. விஞ்ஞான ஆசிரியராகிப் படிப்பிக்கத் தொடங்கிய பிறகே தெரிந்துகொண்டேன். கழுத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் இறங்கி, பின்னிப் பிரிந்து கைக்குள் போகின்றன. அவற்றிலிருந்து வரும் ஒரு நரம்பு புயவென்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு போய், தோளை மூடியிருக்கும் முக்கோணத் தசையை இயக்குகிறது. அந்தத் தசையின் மேலுள்ள தோலுக்கு உணர்ச்சி தருவதும் அதுவே. தோள் விலகினால் முதலில் நசுங்கக்கூடியது அது. கிழவர் அதைத்தான் பரிசோதித்தார். வாப்பாவுக்கு அந்த மரத்துப்போதல் சில வாரங்களில் சரியாயிற்று.

தோள் மூட்டு ஒரு விசித்திரம். தேத்தண்ணிக் கோப்பையின் தட்டில் எலுமிச்சம்பழத்தை வைத்ததுபோல, ஆழமில்லாத குழியில் பெரிய உருண்டை. நான்கு சிறு தசைகள் அதைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. கை இத்தனை திசையில் சுழல்வது அதனால்தான். அடிக்கடி விலகுவதும் அதனால்தான்.

அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். கிரே எழுதிய உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் தமிழில் வந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் குர்துபாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவியும் தன் 'தஸ்ரீப்' நூலின் கடைசிப் பகுதியில் முறிவு, மூட்டு விலகல்கள் பற்றி எழுதியிருக்கிறார். குதிகால் முறையோ கிரேக்க ஹிப்போக்கிரட்டீஸ் காலத்தது. எங்கள் பரியாரியார் இவர்களில் எவரையும் வாசித்திருக்கமாட்டார். அறிவு எந்தெந்தக் கடல் கடந்து அந்தப் பாய்க்கு வந்ததோ!

புறப்படும்போது காசு வாங்க மறுத்துவிட்டார். வெற்றிலை மட்டும் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"ஒருக்கா விலகின தோள் திரும்பவும் விலகும். ஆளில்லாத இடத்தில நடந்தா, குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிடும். பாரம் கட்டும். அவசரப்படாதேயும். தசை களைச்சா எலும்பு தானாப் போகும்."

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, நாங்களும் கையில் அகப்பட்டதோடு கடற்கரைக்கு வந்தோம். நடக்க முடியாத மூத்தம்மாவை வாப்பாதான் தூக்கிப் படகில் ஏற்றினார். ஏற்றிவிட்டு அப்படியே இருந்துவிட்டார். தோள் விலகியிருந்தது.

கற்பிட்டிக்குப் போகும் கடலில், சனம் நெருங்கியடித்த படகில், வைத்தியர் ஏது? வாப்பா குறுக்குப் பலகையில் குப்புறப் படுத்துக் கையைத் தொங்கவிட்டார். இருந்த ஒரே தண்ணீர்க் கானை நான் அவர் மணிக்கட்டில் கட்டினேன். பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதார்கள். யாரும் அந்தக் கானில் கைவைக்கவில்லை. எவ்வளவு நேரமென்று தெரியாது. திடீரென்று வாப்பா பெருமூச்சுவிட்டு, "போயிட்டுது, பிள்ளையளுக்குத் தண்ணியக் குடு" என்றார்.

இன்று எவரும் எக்ஸ்ரே எடுக்காமல் தோளை இழுக்கக்கூடாது; எலும்பு முறிந்திருந்தால் ஆபத்து. அன்று எங்களுக்கு அந்தக் கிழவரின் சொல் மட்டுமே இருந்தது.

வாப்பா புத்தளத்தில் மௌத்தானார். யுத்தம் முடிந்து 2011இல் நான் நறுவிலிக்குளம் போனேன். பரியாரியாரும் இல்லை. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மடுவில் காலமானாராம். அவருடைய பேத்தி கதிரை எடுத்துப் போட்டா. படகில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவ, உள்ளே போய் வெற்றிலைத் தட்டத்தோடு வந்தா.

"அப்பு கனகாலம் சொல்லுவார். எருக்கலம்பிட்டியில இருந்து ஒருத்தர் வந்தவர், அவற்ற தோள் என்னாச்சோ, அந்தச் சனத்தையும் அனுப்பிப்போட்டாங்கள் எண்டு."

எனக்குப் பேச்சு வரவில்லை. எங்களை நினைத்துக் கவலைப்பட அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருக்கிறார் என்பதை இருபத்தொரு வருடம் கழித்து அறிகிறேன்.

வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "தோள் சுகமாத்தான் இருந்தது பிள்ள" என்றேன்.