பென்சில் இல்லாத பரீட்சை

தை பிறந்துவிட்டால் எங்கள் மரக்காணத்தில் உப்பளத்துக்காரர் வீடுகளில் பேச்செல்லாம் பாத்தியைப் பற்றித்தான். மழையில் கரைந்த வரப்பைக் கட்ட வேண்டும், சேற்றை வார வேண்டும், தரையை மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். 2019-ஆம் வருஷம் தையில் மட்டும் எங்கள் வீட்டில் வேறு பேச்சு. சிவில் என்ஜினீயரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த என் பெரிய பெண் ‘கேட்’ பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள்.

“கேட்டா? ரயில்வே கேட்டுல என்னடி பரீட்சை?” என்றார் என் மாமியார். எனக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்!

பெண்ணிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.க்களும் முறை வைத்து நடத்தும் பரீட்சை இது. அந்த வருஷம் சென்னை ஐ.ஐ.டி.யின் முறை. மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மார்க். தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். உப்பளத்தில் கணக்கு எழுதும் என் வீட்டுக்காரரின் சம்பளத்தில் அவளை மேலே படிக்க வைக்க எங்களால் முடியாது. இந்தப் பரீட்சை ஒன்றுதான் வழி.

படிப்பில் கெட்டிக்காரி. ஆனாலும் ஒரு நாள் ராத்திரி தலையணையில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“என்னடா கண்ணு?”

“பாடமெல்லாம் தெரியும்மா. அந்தக் கம்ப்யூட்டர்தான் பயமாயிருக்கு.”

2014-லிருந்து இந்தப் பரீட்சை எல்லாப் பாடத்துக்கும் கம்ப்யூட்டரில்தான். விடைத்தாள் கிடையாது, பென்சிலால் வட்டம் கறுப்பாக்கும் வேலையும் கிடையாது. கீபோர்டைத் தொடக் கூடாது, எல்லாவற்றுக்கும் மவுஸ்தான். கால்குலேட்டர் கொண்டுபோகக் கூடாது. திரையிலேயே ஒன்று வரும், அதில் ஒவ்வொரு எண்ணாக மவுஸால் தட்ட வேண்டும். சில கேள்விகளுக்குத் தேர்ந்தெடுக்க நாலு விடை தர மாட்டார்கள். விடையாக வரும் எண்ணையே திரையில் தட்டிக் காட்ட வேண்டும். இவளோ ப்ளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லாப்டாப்பை விரலால் தடவியே பழகியவள். மவுஸைப் பிடித்தால் அம்பு எங்கேயோ ஓடியது.

எனக்கு என்ஜினீயரிங் தெரியாது. கணக்கு நோட்டு தெரியும்! அவர் எழுதி வைத்திருந்த பழைய உப்புக் கணக்கு நோட்டுகளை எடுத்து வந்தேன். திண்டிவனத்தில் ஒரு மவுஸ் வாங்கி வந்து லாப்டாப்பில் சொருகினோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் மூட்டைக் கணக்கை வாசிப்பேன். அவள் திரையில் இருக்கும் கால்குலேட்டரில் தட்டிக் கூட்டுவாள், பெருக்குவாள். சமையலறைக் கடிகாரம் நடுவில் இருக்கும். முதல் நாள் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம். பத்தாம் நாள் ஆறு நிமிஷம். கண் எரிகிறது என்றால் உடனே நிறுத்திவிடுவோம். வாசலுக்கு வந்து உப்பளத்துப் பக்கம் தூரத்தைப் பார்த்து நிற்போம். பரீட்சை நடத்துகிறவர்களே மாதிரிப் பரீட்சை ஒன்றை இன்டர்நெட்டில் போட்டிருந்தார்கள். அதையும் நாலு தடவை செய்தாள்.

பரீட்சை புதுச்சேரியில். விடிவதற்கு முன்பே இரண்டு இட்லியும் கொஞ்சம் பாலும் கொடுத்து பஸ் ஏற்றினோம். கூட நானும் போனேன். வெளியில் மரத்தடியில் அம்மாக்கள் கூட்டம். ஆளுக்கொரு சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மத்தியானம் வெளியே வந்தவளின் முகம் வெளுத்திருந்தது. நாற்பது நிமிஷத்தில் அவள் கம்ப்யூட்டர் கறுத்துப் போய்விட்டதாம்! “போச்சுடி, எல்லாம் போச்சுன்னு நெனச்சேம்மா” என்றாள். மேற்பார்வையாளர் வேறு கம்ப்யூட்டரில் உட்கார வைத்தாராம். திறந்து பார்த்தால் அதுவரை போட்ட விடையெல்லாம் அப்படியே இருந்தனவாம். மீதி நேரமும் குறையவில்லையாம். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் இன்னொரு தவறு பிறகுதான் தெரிந்தது. விடையைத் தொட்டதோடு வேலை முடியாது. ‘சேவ் அண்ட் நெக்ஸ்ட்’ என்ற பொத்தானையும் அழுத்தினால்தான் அது பதிவாகும். அழுத்தாமல் வேறு கேள்வி எண்ணைத் தொட்டுவிட்டால் போட்ட விடை போடாத மாதிரிதான். அவரவர் விடைகளைப் பின்னால் இன்டர்நெட்டில் பார்க்க விடுகிறார்களே, அதில் பார்த்தபோது இரண்டு கேள்விகள் இப்படிப் போயிருந்தன. இரண்டும் விடை தெரிந்த கேள்விகள்!

மார்ச்சில் முடிவு வந்தது. பெரிய ரேங்க் இல்லை, ஆனால் தேறியிருந்தாள். அந்த வருஷமே எம்.டெக். சேர்ந்தாள். முதல் உதவித்தொகையில் பாட்டிக்கு ஒரு புடவை வாங்கி வந்தாள். “கேட்டுல பாஸாயிட்டாளாம்!” என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தி மகனிடம் இதைச் சொன்னேன். நம் நாட்டில் என்ஜினீயர் தொழிலுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான உரிமப் பரீட்சை கிடையாது, அங்கே உண்டு. அதில் முதல் பரீட்சை முன்பு வருஷத்துக்கு இரண்டு தடவை பேப்பரில்தான் நடக்குமாம். 2014 ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறி, வருஷம் முழுக்க எழுதலாம் என்றாகிவிட்டது. சிவில்காரர்களின் அடுத்த பரீட்சைக்கு இவன் பெட்டி நிறையப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன். 2024-லிருந்து அதுவும் கம்ப்யூட்டர்தான். பார்க்க வேண்டிய கையேடும் திரையிலேயே வருகிறதாம். “எங்க ஊர்லயும் மொதல்ல எல்லாரும் பயந்தாங்கக்கா” என்றான்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளும் நாளைக்கு இப்படியொரு பரீட்சைக்கு உட்காரலாம். பாடம் நமக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மவுஸைப் பிடித்துப் பழக ஒரு மாதம் கொடுங்கள். மாதிரிப் பரீட்சையைக் கடிகாரம் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடைக்கும் அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லுங்கள். முதல் நாள் ராத்திரி புத்தகத்தை மூடி வைத்துத் தூங்கச் சொல்லுங்கள்.

பாத்தியைத் தையில் சரியாக மிதித்து வைத்தால்தான் சித்திரையில் வெள்ளை உப்பு வாரலாம் என்பார் என் வீட்டுக்காரர். பரீட்சையும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.