பாட்டனார் விட்டுச் சென்ற இரும்பு

தொழிலை இழந்த கருவிக்கு யாது கதி? பெரும்பாலும் பழைய இரும்புக் கடையின் தராசே அதற்கு முடிவிடமாகும். மோட்டார்ப் பட்டறையில் நெடுங்காலம் உழைத்து மறைந்த எம் பாட்டனாரின் ஸ்பானர்கள் பன்னிரண்டும் அத்தராசை நோக்கியே இருந்தன. வாய் தேய்ந்து விரிந்தமையால் அவை எந்த நட்டையும் இறுகப் பற்றா.

எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் தந்தையார். கூடாதென்றார் பாட்டியார். கொல்லரிடம் கொடுத்துப் பயனுள்ள வேறு பொருளாக்கலாம் என்றோம் யாம். "சம்மட்டியால் அடித்தபின் அஃது அவருடைய ஸ்பானராக இருக்குமோ?" என்று பாட்டியார் வினவினார். விடை அறியாமலே மூன்றை மட்டும் பெற்று உலைக்களம் சென்றோம்.

கொல்லர், பளபளப்பான பூச்சுடைய ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். துத்தநாகப் பூச்சு அனலிற் பட்டால் எழும் புகை நடுக்கத்தோடு கூடிய காய்ச்சலை விளைக்கும். வேறு பூச்சுகளின் புகையும் தீங்குடையதே. பூச்சற்ற இரண்டே உலை புகுந்தன.

செந்நிறம் கடந்து கிச்சிலிப்பழ நிறம் எய்திய எஃகைக் குறட்டாற் பற்றிப் பட்டடைக்கல்லில் வைத்து அடித்தார். நிறம் மங்கியபின் அடித்தால் வெடிப்புண்டாகும். ஆதலின் மீண்டும் மீண்டும் காய்ச்சினார். ஒன்றன் தண்டு கத்தியின் அலகாக நீண்டது. ஏறத்தாழ 770 டிகிரி வெப்பத்தில் இரும்பு காந்தத்திற்கு வசப்படாது போகும். காந்தத்தைக் காட்டி அந்நிலையை அறிந்து, இன்னும் சிறிது காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். தோய்ந்த எஃகு கடினமாயினும் எளிதில் முறியும். அக்குறை நீங்க, 200 டிகிரிக்குச் சற்று மேலாக இளஞ்சூடேற்றித் தேய்த்த முகத்தில் வைக்கோல் நிறம் தோன்றியதும் ஆறவிட்டார். மற்றையது கழுத்து வளைந்த பறவையாகி விளக்கு மாட்டும் கொக்கியாயிற்று. ஸ்பானரின் வாயே அதன் திறந்த அலகு.

இரண்டிலும் ஒரு வாயைச் சம்மட்டி தீண்டவில்லை. காரணம் கேட்டோம். "தண்டும் வடிவும் தொழிற்சாலை அச்சு கொடுத்தது, தம்பி. தேய்மானம் ஒன்றுதான் உங்கள் பாட்டனார் கொடுத்தது. அதை நான் அடிக்கலாமா?" என்றார்.

பாட்டியாரின் வினாவிற்கு விடை அதுவே என உணர்ந்தோம். ஸ்பானர் பிறக்கும்போதே காய்ந்த எஃகாய் அச்சில் அடிபட்டு உருப்பெற்றது. அவ்வுரு ஆயிரம் ஸ்பானர்களுக்குப் பொது. ஒருவர் கை நாள்தோறும் தேய்த்த தேய்வு மட்டுமே அவருக்கு உரியது. கொல்லர் மாற்றியது பொதுவை, காத்தது உரிமையை.

இதனைக் கூறியபோது பாட்டியார் மறுமொழி பகரவில்லை. எஞ்சிய பத்தில் ஐந்தை உலைக்கெனவும் ஐந்தைப் பெட்டிக்கெனவும் பிரித்து வைத்தார். அவ்வைந்தையும் யாம் குறை கூறோம். முன்னோர் பொருளைப் போற்றுதலாவது, அதன்கண் அவர் கை பதிந்த இடம் எதுவென அறிந்து காத்தலேயாம்; அவ்விடத்தை அறிந்தார்க்கு உலையும் பகையன்று, பெட்டியும் வீணன்று.